அப்லாஸ்டிக் அனீமியா: உடன்பிறந்தவரின் மஜ்ஜையா, குதிரை ஏடிஜியா, மாத்திரை மட்டுமா?

தஞ்சாவூரில் நோய்க்குறியியல் மருத்துவராக முப்பது ஆண்டுகளுக்கு மேல் இரத்தத்தையும் எலும்பு மஜ்ஜையையும் நுண்ணோக்கியில் பார்த்து வருகிறேன். "சிவப்பணு, வெள்ளையணு, தட்டணு மூன்றும் குறைவு, மஜ்ஜை வெறுமையாக உள்ளது" என்ற அறிக்கையில் நான் கையெழுத்திட்ட மறுவாரம் பெரும்பாலும் அதே குடும்பம் என் மேசைக்கு முன்னால் வந்து நிற்கும். ஒரு மருத்துவர் மஜ்ஜை மாற்று சிகிச்சை என்கிறார், இன்னொருவர் ஏடிஜி என்ற எதிர்ப்புப் புரத மருந்து என்கிறார், பக்கத்து ஊரில் ஒருவருக்கு மாத்திரையிலேயே சரியாகிவிட்டதாகச் சொல்கிறார்கள், எதை நம்புவது என்று கேட்பார்கள். மருந்தை எழுதித் தருவது என் வேலை அல்ல. முடிவை இரத்தவியல் மருத்துவரோடு அமர்ந்துதான் எடுக்க வேண்டும். அந்த நாற்காலியில் அமரும்போது என்னென்ன கேட்க வேண்டும், ஒவ்வொரு வழியும் எதனால் பலிக்கிறது, எங்கே பலிக்காமல் போகிறது என்பதை இங்கே விரிவாக எழுதுகிறேன்.

மஜ்ஜைக்குள் என்ன நடக்கிறது

இடுப்பெலும்பிலிருந்து எடுத்த ஒன்றரை சென்டிமீட்டர் துண்டு எங்கள் ஆய்வகத்துக்கு வருகிறது. நலமாக உள்ள ஓர் இளைஞரின் மஜ்ஜையை நுண்ணோக்கியில் பார்த்தால், தூர் கட்டிய சம்பா வயலைப் போல அணுக்கள் இடைவெளியின்றி நிறைந்திருக்கும். அப்லாஸ்டிக் அனீமியா என்ற இந்த நோயிலோ கண்ணுக்குத் தெரிவதெல்லாம் வெள்ளை வெளேரென்ற கொழுப்புக் குமிழ்கள்தான். அவற்றுக்கு நடுவே அங்கொன்றும் இங்கொன்றுமாக லிம்ஃபோசைட்டுகள் என்ற வெள்ளையணுக்கள் சில நிற்கும். பால் எர்லிக் 1888 ஆம் ஆண்டில் ஓர் இளம் கர்ப்பிணிப் பெண்ணிடம் முதன்முதலாக விவரித்தது இந்த வெறுமையைத்தான்.

வெறுமைக்குக் காரணம், பெரும்பாலானவர்களிடம், உடலைக் காக்க வேண்டிய வெள்ளையணுக்களாகிய சொந்த டி செல்கள் இரத்தம் உண்டாக்கும் குருத்தணுக்களைப் பகையென்று எண்ணித் தாக்குவதே. வயலில் தெளித்த பூச்சிமருந்துதான் காரணமா என்று நம் பகுதியில் எல்லோரும் கேட்கிறார்கள். சில வேதிப்பொருள்களுக்கும் இந்த நோய்க்கும் தொடர்பு பேசப்படுவது உண்மை. ஆனால் ஒரு தனி மனிதரிடம் அதை நிரூபிப்பது அரிது, நிரூபித்தாலும் சிகிச்சை மாறப்போவதில்லை. ஆகவே அந்தக் கேள்வியில் நாள்களைச் செலவிட வேண்டாம்.

சிகிச்சைகளை ஒப்பிட வேண்டுமானால் வளர்ச்சிக் காரணிகளின் ஏற்பிகளைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். குருத்தணு தானாகப் பிழைப்பதில்லை. வெளியிலிருந்து வரும் புரதச் செய்திகளை வாங்கிக்கொள்ளும் ஏற்பிகள் அதன் மேற்பரப்பில் உள்ளன. மிகத் தொடக்கநிலைக் குருத்தணுவில் இருப்பவற்றுள் முதன்மையானவை இரண்டு. ஒன்று, குருத்தணுக் காரணியை வாங்கும் கிட் ஏற்பி. மற்றொன்று, த்ராம்போபாய்ட்டின் எனப்படும் டிபிஓவை வாங்கும் எம்பிஎல் ஏற்பி. ஆரம்பப் படிகளில் எஃப்எல்டி3 என்ற மூன்றாவது ஏற்பியும் வேலை செய்கிறது. அது தற்போதைய கேள்விக்கு அவ்வளவாகத் தேவைப்படாது. சிவப்பணுவை வளர்க்கும் எரித்ரோபாய்ட்டினுக்கான ஏற்பியும், கிருமிகளை எதிர்க்கும் வெள்ளையணுக்களாகிய நியூட்ரோஃபில்களை வளர்க்கும் ஜி-சிஎஸ்எஃப் என்னும் காரணிக்கான ஏற்பியும் தம் வேலையைப் பெரிதும் காட்டுவது இன்னும் பல படிகள் கீழே, குருத்தணுவின் பேரப்பிள்ளைகளிடம்தான்.

உழவர் வீட்டில் இதை விளக்க எனக்குச் சிரமம் இருந்ததில்லை. கீழ்ப்படியில் உள்ள ஏற்பிகளுக்கான ஊசிகள் நடவு வயலுக்குப் போடும் மேலுரம் போன்றவை. எம்பிஎல் ஏற்பி நாற்றங்காலில் இருக்கிறது. நாற்றே முளைக்காதபோது நடவு வயலில் எத்தனை மூட்டை யூரியா கொட்டினாலும் பச்சை பிடிக்காது.

எம்பிஎல் என்பது தட்டணுவுக்கு மட்டுமான ஏற்பி என்றுதான் டிபிஓ கண்டறியப்பட்ட 1994 வாக்கில் பலரும் எண்ணினார்கள். அது குருத்தணுவின் உயிர்நாடி என்பதை மெய்ப்பித்தவை சில பச்சிளங் குழந்தைகள். பெற்றோர் இருவரிடமிருந்தும் பழுதான எம்பிஎல் மரபணுவைப் பெற்ற அந்தக் குழந்தைகளுக்குப் பிறக்கும்போது தட்டணு மட்டுமே குறைவாக இருக்கும். சில ஆண்டுகளில் மஜ்ஜை முழுவதும் வற்றி, மூன்று வகை அணுக்களும் விழுந்துவிடும்.

எவற்றை வைத்து எடைபோடுவது

முதல் அளவுகோல் நோயின் கடுமை. மஜ்ஜையில் அணுக்கள் 25 விழுக்காட்டுக்கும் கீழே இருந்து, அதோடு ஒரு மைக்ரோலிட்டரில் நியூட்ரோஃபில் 500க்குக் கீழ், தட்டணு 20,000க்குக் கீழ், இளம் சிவப்பணுக்களாகிய ரெட்டிகுலோசைட்டுகள் மிகக் குறைவு என்ற மூன்றில் இரண்டேனும் பொருந்தினால் அது கடுமையான நோய். நியூட்ரோஃபில் 200க்கும் கீழே போனால் மிகக் கடுமையானது. பிந்தைய நிலையில் இருப்பவருக்கு ஒவ்வொரு வாரமும் கணக்கில் சேரும், ஏனென்றால் ஒரு காய்ச்சல் இரண்டே நாளில் உயிரைக் கொண்டுபோகக்கூடும்.

இரண்டாவது வயது. மூன்றாவது, உடன்பிறந்தவரின் எச்எல்ஏ பொருத்தம், அதாவது அணுக்களின் மேலுள்ள அடையாளப் புரதங்கள் ஒத்துப்போவது. நான்காவது, பலன் தெரிய எத்தனை நாள் ஆகும், அதுவரை நோயாளி தாங்குவாரா என்பது. ஐந்தாவது, திரும்ப வரும் வாய்ப்பும் பிற்காலத் தீங்குகளும். ஆறாவது பணம். மருத்துவமனைப் பட்டியலில் வரும் பணத்தை மட்டும் சொல்லவில்லை. வெளியூர்த் தங்கல், துணைக்கு இருப்பவரின் இழந்த கூலி, விடுபட்ட சாகுபடி எல்லாவற்றையும் சேர்த்தே கணக்கிட வேண்டும். இவற்றோடு நான் எப்போதும் கேட்கும் ஏழாவது கேள்வி ஒன்று உண்டு. தரப்போகும் மருந்து எந்தப் படியில் உள்ள அணுவோடு பேசுகிறது, அந்தப் படியில் அணு மிச்சம் இருக்கிறதா?

தேர்வுக்கு முன்னால் இரண்டு எச்சரிக்கைகள்

மூன்று அணுக்களும் குறைந்ததெல்லாம் அப்லாஸ்டிக் அனீமியா ஆகிவிடாது. பி12 குறைபாட்டிலும் அப்படிக் குறையும், அது சில ஊசிகளில் சரியாகிவிடும். அதைவிட முக்கியமானது ஃபான்கோனி அனீமியா என்ற பிறவிக் கோளாறு. அக்காள் மகளையும் அத்தை மகளையும் மணம் முடிக்கும் வழக்கம் உள்ள நம் குடும்பங்களில் இதைத் தவறாமல் நினைக்க வேண்டும். குரோமோசோம்கள் உடைகின்றனவா என்று பார்க்கும் சோதனை இதைக் காட்டிக்கொடுத்துவிடும். இந்தக் கோளாறு இருப்பவருக்கு ஏடிஜி பயன் தராது. மாற்று சிகிச்சைக்கு முன் தரும் மருந்துகளின் அளவையும் பெரிதும் குறைக்க வேண்டும், வழக்கமான அளவு அவரைக் கொன்றுவிடும். கொடையாளராக வரும் தம்பிக்கும் தங்கைக்கும் அதே சோதனை தேவை, அவர்களுக்கும் அதே மரபு இருக்கலாம். குழந்தைகளுக்கும் இளைஞர்களுக்கும் இந்தச் சோதனை செய்யப்பட்டதா என்று கேட்காமல் எந்தச் சிகிச்சைக்கும் ஒப்புக்கொள்ள வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

இரண்டாவது எச்சரிக்கை இரத்தம் ஏற்றுவது பற்றியது. கும்பகோணம் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து கல்லூரி மாணவர் ஒருவரை அழைத்து வந்த தாய்மாமன் என்னிடம் பெருமையாகச் சொன்னார்: "டாக்டர், மாப்பிள்ளைக்கும் அவன் தம்பிக்கும் ஒரே குரூப்பு. நேத்தே ஒரு யூனிட் குடுத்துட்டான். நாளைக்கு நானும் குடுக்கறேன். அப்பறம் மஜ்ஜை குடுக்கறதுக்கு என்ன தடை?" அவருடைய பாசத்தில் குறை ஒன்றும் இல்லை, ஆனால் இரண்டு தவறுகள் அந்தப் பேச்சில் இருந்தன. இரத்தப் பிரிவு ஒன்றாக இருப்பதும் எச்எல்ஏ ஒத்துப்போவதும் வெவ்வேறு. பிரிவு வேறாக இருந்தாலும் மஜ்ஜை தரலாம், பிரிவு ஒன்றாக இருந்தும் மஜ்ஜை பொருந்தாமல் போகலாம். இரண்டாவதாக, பெற்றோரும் உடன்பிறந்தவரும் இரத்தம் தந்தால், நோயாளியின் உடல் அந்தக் குடும்பத்தின் அடையாளங்களை முன்கூட்டியே எதிரியாகப் பழகிக்கொள்கிறது. பிறகு அதே தம்பியின் மஜ்ஜையை வைக்கும்போது அதை உதறித் தள்ளும் வாய்ப்பு கூடுகிறது. ஆகவே இரத்தம் வெளியாரிடமிருந்தே வர வேண்டும். வெள்ளையணு வடிகட்டப்பட்டதாகவும், கிடைக்குமானால் கதிர்வீச்சு தரப்பட்டதாகவும் இருக்க வேண்டும்.

உடன்பிறந்தவரின் மஜ்ஜை

இந்த வழியில் ஏற்பியைத் தூண்டும் வேலையே இல்லை. அழிந்த நாற்றங்காலுக்குப் பதிலாகப் புது நாற்றங்காலையே கொண்டுவந்து வைக்கிறோம். நோயாளியைத் தாக்கிய டி செல்களையும் அதற்கு முன் தரும் மருந்துகள் அகற்றிவிடுகின்றன. அதனால்தான் 40 வயதுக்குட்பட்டவருக்கு முழுமையாகப் பொருந்தும் உடன்பிறந்தவர் இருந்தால் இதையே முதல் தேர்வாக உலகெங்கும் சொல்கிறார்கள். இளையோரிடம் நீண்டகாலப் பிழைப்பு 80 முதல் 90 விழுக்காடு வரை இருக்கிறது. இந்தியாவில் இச்சிகிச்சை 1983 இல் மும்பை டாடா நினைவு மருத்துவமனையிலும், 1986 இல் வேலூர் சிஎம்சியிலும் தொடங்கியது. ஆகவே இது நம் நாட்டில் நாற்பது ஆண்டு அனுபவம் உள்ள வழி.

பொருத்தம் கிடைப்பதுதான் முதல் தடை. ஓர் உடன்பிறந்தவர் முழுமையாகப் பொருந்தும் வாய்ப்பு நான்கில் ஒன்று. இருவர் இருந்தால் 44 விழுக்காடு, மூவர் இருந்தால் 58 விழுக்காடு. எங்கள் தலைமுறையில் வீட்டுக்கு ஐந்தாறு பேர் பிறந்தோம், இப்போது ஒருவரோ இருவரோதான். அதே சமயம் நெருங்கிய உறவில் மணம் முடித்த குடும்பங்களில் சித்தப்பா, மாமன் மக்களிடமும் பொருத்தம் தேடிப் பார்ப்பது வீண் போகாது.

கொடையாளர் பற்றிய அச்சத்தை இங்கே தீர்க்க வேண்டும். மஜ்ஜையை இடுப்பெலும்பிலிருந்து எடுக்கிறார்கள், முதுகுத் தண்டிலிருந்து அல்ல. மயக்க மருந்து கொடுத்துத்தான் எடுப்பார்கள். சில நாள் இடுப்பு வலிக்கும். எடுத்த மஜ்ஜை சில வாரங்களில் ஊறிவிடும். "தங்கச்சி கல்யாணம் ஆக வேண்டிய பொண்ணு" என்று தயங்கும் பெற்றோரிடம், மஜ்ஜை தருவது அவள் பிள்ளைப்பேற்றைக் கெடுக்காது என்று நான் எடுத்துச் சொல்வதுண்டு.

எந்த வழியில் எடுப்பார்கள் என்பதையும் கேளுங்கள். கொடையாளருக்கு ஜி-சிஎஸ்எஃப் ஊசி போட்டுக் குருத்தணுக்களை இரத்தத்துக்கு வரவழைத்து இயந்திரத்தில் பிரிப்பது ஒரு வழி. எலும்பிலிருந்து நேராக எடுப்பது இன்னொரு வழி. இந்த நோயில் எலும்பு மஜ்ஜையே மேல். இரத்தத்திலிருந்து எடுத்ததில் டி செல்கள் அதிகமாக வருவதால், வந்த அணுக்கள் நோயாளியின் தோலையும் குடலையும் ஈரலையும் தாக்கும் நாட்பட்ட எதிர்வினை கூடுகிறது. இரத்தப் புற்றுநோயில் அந்த எதிர்வினைக்கு ஓரளவு பயன் உண்டு, மிஞ்சிய புற்றணுவையும் அது அழிக்கும். அப்லாஸ்டிக் அனீமியாவில் அழிக்கப் புற்றணு இல்லை, ஆகவே அந்தத் தீங்குக்கு ஈடாக ஒன்றும் கிடைப்பதில்லை.

மறைந்திருக்கும் செலவு பெரியது. சிகிச்சைக்கே பத்து லட்சம் ரூபாயைத் தொடுவதும் தாண்டுவதும் வழக்கம். அது போக, ஏறத்தாழ நூறு நாள் மருத்துவமனைக்கு அருகிலேயே அறை எடுத்துத் தங்க வேண்டும். சுத்தமாகச் சமைத்துத் தரவும் துணை இருக்கவும் ஒருவர் வேண்டும். மன்னார்குடியிலிருந்து திருப்பதி போகும் பாமணி விரைவு வண்டி திருவாரூர், மயிலாடுதுறை வழியாகப் போய்க் காட்பாடியைத் தொடுவதால் கீழ்த்தஞ்சைக் குடும்பங்கள் பலருக்கு அதுவே வேலூர் வண்டி. போகும்போது நோயாளியோடு இருவர் போவார்கள், வீட்டில் நடவு பார்க்க ஒருவரும் மிஞ்ச மாட்டார். ஒரு சம்பா முழுவதும் போய்விடும் என்று கணக்கிட்டே புறப்பட வேண்டும். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தால், மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் முதல் நாளிலேயே பேசிவிடுவது நல்லது. சேர்ந்த பிறகு கேட்டால் அலைச்சல்தான் மிச்சம்.

ஏடிஜி, சைக்ளோஸ்போரின், எல்ட்ரோம்போபாக்

பொருந்தும் உடன்பிறந்தவர் இல்லாதவருக்கும், 40 வயதைக் கடந்தவர்களில் பெரும்பாலோருக்கும் உரிய வழி இது. ஏடிஜி என்பது மனித டி செல்களுக்கு எதிராகக் குதிரையின் உடலிலோ முயலின் உடலிலோ உருவாக்கி எடுத்த எதிர்ப்புப் புரதம். அது தாக்கும் டி செல்களை வீழ்த்துகிறது. சைக்ளோஸ்போரின் அவை மீண்டும் தலை தூக்காமல் அடக்கி வைக்கிறது. எல்ட்ரோம்போபாக் மிஞ்சிய குருத்தணுக்களை எம்பிஎல் ஏற்பி வழியாகத் தட்டி எழுப்புகிறது. மூன்றும் மூன்று வேலை.

குதிரையா முயலா என்பது பெயரளவு வேறுபாடு அல்ல. 120 பேரிடம் செய்து 2011 இல் வெளியான ஆய்வில் ஆறு மாதத்தில் குதிரை ஏடிஜிக்கு 68 விழுக்காட்டினரும், முயல் ஏடிஜிக்கு 37 விழுக்காட்டினரும் பலன் கண்டார்கள். முயலுடையது கிடைக்கிறது, விலை குறைகிறது என்று யாராவது சொன்னால், இந்த இரண்டு எண்களையும் நினைவில் வைத்துக்கொண்டு, குதிரையுடையதுக்குச் சில நாள் காத்திருக்கலாமா என்று கேளுங்கள்.

எல்ட்ரோம்போபாக் சேர்ந்ததன் கதையைச் சொல்லாமல் போக எனக்கு மனம் வரவில்லை. இந்த நோயாளிகளின் இரத்தத்தில் டிபிஓ ஏற்கெனவே மிக அதிகமாக இருக்கும், அதை உறிஞ்சிக்கொள்ளத் தட்டணுக்கள் இல்லாததால். பிறகு அதே ஏற்பியை இன்னொரு மருந்தால் தூண்டி என்ன பயன் என்று நானும் ஒரு காலத்தில் எண்ணினேன். 2012 இல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம், ஏடிஜிக்கு மசியாத 25 பேருக்கு இந்த மாத்திரையை மட்டும் கொடுத்துப் பார்த்தது. 11 பேருக்குப் பலன் கிடைத்தது, சிலருக்குத் தட்டணு மட்டுமல்லாமல் மூன்று அணுக்களும் ஏறின. விளக்கம் பின்னால் வந்தது. தாக்கும் டி செல்கள் சுரக்கும் இன்டர்ஃபெரான்-காமா, டிபிஓவைப் பற்றிக்கொண்டு அது ஏற்பியில் சரியாக அமரவிடாமல் தடுக்கிறது. எல்ட்ரோம்போபாக் டிபிஓ அமரும் வாசலுக்கே போவதில்லை. ஏற்பியின் சவ்வுக்குள் புதைந்த பகுதியில் போய் ஒட்டிக்கொள்கிறது, ஆகவே அந்தத் தடை அதைத் தடுப்பதில்லை. அந்தப் பகுதியின் அமைப்பு மனிதருக்கும் சிம்பன்சிக்கும்தான் இந்த மருந்துக்கு ஏற்றபடி இருக்கிறது.

2022 இல் வெளியான ஐரோப்பிய ஆய்வில் 197 பேரை இரு பிரிவாக்கினார்கள். குதிரை ஏடிஜியும் சைக்ளோஸ்போரினும் மட்டும் பெற்றவர்களில் மூன்று மாதத்தில் 10 விழுக்காட்டினருக்கு முழுப் பலன், எல்ட்ரோம்போபாக்கும் சேர்த்துப் பெற்றவர்களில் 22 விழுக்காட்டினருக்கு முழுப் பலன். ஆறு மாதத்தில் ஏதேனும் ஒரு பலன் கண்டவர்கள் முதல் பிரிவில் 41 விழுக்காடு, எல்ட்ரோம்போபாக் சேர்த்த பிரிவில் 68 விழுக்காடு. மாத்திரை இல்லாமல் ஏடிஜி மட்டும் தருவதற்கு இன்று நியாயம் குறைவு என்றே நினைக்கிறேன்.

குறைகளும் உண்டு. பலன் தெரிய மூன்று முதல் ஆறு மாதம் ஆகும். அதுவரை வாரந்தோறும் தட்டணு, இரத்தம் என்று ஏற்றிக்கொண்டே இருக்க வேண்டும், ஒவ்வொரு யூனிட் இரத்தத்தோடும் 200 மில்லிகிராமுக்கு மேல் இரும்பு உடலில் சேரும். ஏடிஜி கொடுத்த ஒன்றிரண்டு வாரத்தில் காய்ச்சல், மூட்டுவலி, தடிப்பு என்று அன்னியப் புரதத்துக்கான எதிர்வினை வரலாம். பலன் கண்டவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு நோய் திரும்புகிறது, சைக்ளோஸ்போரினை அவசரமாக நிறுத்தினால் இன்னும் எளிதாகத் திரும்பும். ஆண்டுகள் கழித்து ஏழில் ஒருவரளவில் மஜ்ஜையில் குரோமோசோம் மாறிய அணுக்குடி வளர்ந்து இரத்தப் புற்றுநோயை நோக்கிப் போகக்கூடும். அதனால் மஜ்ஜைச் சோதனையை ஒரு தடவையோடு நிறுத்த முடியாது.

வீட்டில் நடக்கும் தவறு ஒன்றை அருகிலிருந்து பார்த்தேன். ஓர் அம்மையார், மகனுக்கு மூன்று மாதமாக மாத்திரை கொடுத்தும் தட்டணு அசையவில்லை என்று வந்தார். எப்போது தருகிறீர்கள் என்று கேட்டேன். காலையில் எழுந்ததும், மறக்காமல் இருக்க, டிகிரி காபியோடு தருவதாகச் சொன்னார். எல்ட்ரோம்போபாக் கால்சியத்தையும் இரும்பையும் துத்தநாகத்தையும் பற்றிக்கொள்ளும் தன்மை உடையது. பால் சேர்ந்த உணவோடு விழுங்கினால் உடலுக்குள் சேரும் மருந்து பாதிக்கும் கீழே குறைந்துவிடும். பால், தயிர், மோர், கேழ்வரகு, இரும்புச் சத்து மாத்திரை, அமிலத்துக்குக் குடிக்கும் வெள்ளை மருந்து ஆகியவற்றுக்கு இரண்டு மணி முன்போ நான்கு மணி பின்போதான் இதை விழுங்க வேண்டும். இரவு தயிர்ச்சோறு ஏழு மணிக்கு முடிந்தால் பதினொன்றுக்கு மாத்திரை என்று அந்த வீட்டில் சுவரில் எழுதி ஒட்டினார்கள். இன்னொன்று: இந்த மருந்தே அடர்ந்த நிறமுடையது. இதை விழுங்குவோரின் சீரம் சில வேளை கருஞ்சிவப்பாக எங்கள் குழாயில் நிற்கும், பிலிருபின், கிரியாட்டினின் சோதனைகளைக் குழப்பிவிடும். ஆய்வகத்தில் இந்த மாத்திரை எடுப்பதைச் சொல்லிவிட்டே இரத்தம் கொடுங்கள். சைக்ளோஸ்போரின் எடுப்பவர்கள் பம்பளிமாஸ் பழத்தைத் தொடக் கூடாது, அது மருந்தின் அளவை இரத்தத்தில் ஏற்றிவிடும்.

ஏடிஜி இல்லாமல் மாத்திரைகள் மட்டும்

சைக்ளோஸ்போரினும் எல்ட்ரோம்போபாக்கும் மட்டும் தந்து வீட்டிலிருந்தபடியே பார்க்கும் வழி இது. மருத்துவமனையில் படுக்க வேண்டியதில்லை, குதிரைப் புரதத்தின் எதிர்வினை இல்லை. பொதுப்பெயர் மருந்துகள் வந்தபின் மாத்திரையின் விலையும் இறங்கியிருக்கிறது. புதிதாக நோய் கண்டவர்களிடம் செய்த ஆய்வில் ஆறு மாதத்தில் பாதிக்குச் சற்றுக் குறைவானவர்களுக்குப் பலன் கிடைத்தது. மூன்றையும் சேர்த்துத் தருவதைவிட இது குறைவுதான். காரணம் எளிது: ஏற்பியைத் தூண்டுகிறோம், ஆனால் குருத்தணுவைத் தாக்கும் டி செல்களைப் பாதி பலத்தோடுதான் அடக்குகிறோம்.

ஏடிஜியைத் தாங்காத முதியவருக்கும், நோய் கடுமையாகாத நிலையில் இருப்பவருக்கும், ஏடிஜிக்குப் பணமும் இடமும் ஏற்பாடாகும் வரை காலம் கடத்த வேண்டியவருக்கும் இது பொருந்தும். 22 வயதுக்காரருக்குப் பொருந்தும் அண்ணன் இருக்கும்போது, மலிவு என்பதற்காக இதைத் தேர்வது தவறு. மாத்திரையைச் சோதித்துப் பார்த்த ஆறு மாதத்தில் அவருக்கு முப்பது யூனிட் இரத்தம் ஏறியிருக்கும், பூஞ்சைத் தொற்றும் வந்திருக்கலாம், பிறகு செய்யும் மாற்று சிகிச்சை முன்னதைவிட ஆபத்தாகிவிடும்.

ஜி-சிஎஸ்எஃப் ஊசி மட்டும்

இதை ஒரு தேர்வாக எழுதவே தயக்கம், ஆனால் சிறிய ஊர்களில் முதலில் நடப்பது இதுதான். வெள்ளையணு குறைவு என்றதும் தினமும் ஓர் ஊசி, கூடவே சிவப்பணுவுக்கு எரித்ரோபாய்ட்டின் ஊசி. மூன்று வாரத்தில் நாற்பதாயிரம் ரூபாய் கரைந்தபின் அறிக்கையில் எண் மாறாமல் நிற்கும். ஏன் என்பதை முன்பே சொல்லிவிட்டேன், அந்த ஊசிகள் பேசும் அணுக்கள் அங்கே பிறக்கவே இல்லை. 192 பேரிடம் செய்த ஐரோப்பிய ஆய்வில் ஏடிஜியோடு ஜி-சிஎஸ்எஃப் சேர்த்தபோது தொடக்கத் தொற்றுகள் குறைந்தன, ஆனால் நோய் குணமாவதிலும் பிழைப்பிலும் மாற்றம் இல்லை. அதே ஊசி மாற்று சிகிச்சைக்குப் பின் நன்றாக வேலை செய்யும், அப்போது புதுக் குருத்தணுக்கள் பிள்ளைகளைப் பெறத் தொடங்கியிருக்கும்.

அப்படியானால் எல்லாவற்றுக்கும் மேலே இருக்கும் கிட் ஏற்பிக்கே ஊசி போட்டால் என்ன என்று மாணவர்கள் கேட்பார்கள். போட்டுப் பார்த்தார்கள். கிட் ஏற்பி ஒவ்வாமையை உண்டாக்கும் மாஸ்ட் செல்களிலும், தோலுக்கு நிறம் தரும் அணுக்களிலும் இருக்கிறது. கிட் மரபணு பழுதானவர்களுக்கு நெற்றிக்கு மேல் ஒரு கற்றை முடி பிறவியிலேயே வெள்ளையாக இருப்பது இதனால்தான். குருத்தணுக் காரணியை ஊசியாகப் போட்டபோது மாஸ்ட் செல்கள் தூண்டப்பட்டு உயிருக்கே ஆபத்தான ஒவ்வாமை வந்தது, அதனால் இந்நோய்க்கு அந்த வழி வளரவில்லை.

பாதிப் பொருத்தமும் வெளிக் கொடையாளரும்

முழுப் பொருத்தம் இல்லாத தந்தை, தாய், உடன்பிறந்தவர் ஆகியோரின் மஜ்ஜையை வைத்து, பிறகு சைக்ளோஃபாஸ்ஃபமைடு தரும் முறை இப்போது வளர்ந்துவருகிறது. சென்னையிலிருந்து 2009 முதல் இயங்கும் தாத்ரி போன்ற பதிவேடுகள் வழியாக வெளிக் கொடையாளரையும் தேடலாம். ஏடிஜி தோற்ற இளையோருக்கு இவை உண்மையான இரண்டாம் வாய்ப்பு. நோய் மிகக் கடுமையாக இருக்கும் சிறுவர்களுக்குச் சில மையங்கள் முதலிலேயே செய்கின்றன. செலவும் தொற்று ஆபத்தும் உடன்பிறந்தவர் வழியைவிட அதிகம்.

| அளவுகோல் | உடன்பிறந்தவர் மஜ்ஜை | மூன்றும் சேர்ந்த சிகிச்சை | மாத்திரைகள் மட்டும் | ஜி-சிஎஸ்எஃப் மட்டும் |
|---|---|---|---|---|
| யாருக்கு | 40 வயதுக்குள், முழுப் பொருத்தம் | பொருத்தம் இல்லாதவர், 40ஐக் கடந்தவர் | முதியவர், கடுமை குறைந்தவர் | தனிச் சிகிச்சையாக யாருக்கும் இல்லை |
| பலன் தெரிய | சில வாரங்கள் | 3 முதல் 6 மாதம் | 3 முதல் 6 மாதம் | தெரிவது அரிது |
| செயல்படும் இடம் | புதுக் குருத்தணு | டி செல்லும் எம்பிஎல் ஏற்பியும் | எம்பிஎல் ஏற்பி, ஓரளவு டி செல் | கீழ்ப்படி அணுக்கள் |
| திரும்பும் வாய்ப்பு | குறைவு | மூன்றில் ஒருவர் அளவில் | கணிசம் | பொருந்தாது |
| மறை செலவு | நூறு நாள் வெளியூர், நாட்பட்ட எதிர்வினை | வாரந்தோறும் இரத்தம், ஆண்டுக்கணக்கில் கண்காணிப்பு | தவறவிட்ட காலம் | தவறவிட்ட காலமும் பணமும் |

கடினமான இடங்கள்

அட்டவணையில் அடங்காதவர்களே என்னிடம் அதிகம் வருகிறார்கள். 45 வயது, பொருந்தும் அண்ணன் இருக்கிறார், வேறு நோய் இல்லை. இங்கே இரு வழியும் நியாயமானவை. நியூட்ரோஃபில் 200க்கு மேல் இருந்தால் ஏடிஜியோடு தொடங்கி ஆறு மாதம் பார்க்கலாம் என்பேன், 200க்குக் கீழே இருந்து காய்ச்சலும் தொடங்கியிருந்தால் அண்ணனின் மஜ்ஜையை நோக்கி நகர்வதே சரி. 19 வயது, ஒற்றைப் பிள்ளை, கையில் பணம் இல்லை என்றால் குதிரை ஏடிஜிக்கு அரசு வழியில் உதவி தேடுவதிலேயே முழு முயற்சியையும் செலுத்த வேண்டும். தேடும் நாள்களில் சைக்ளோஸ்போரினையும் எல்ட்ரோம்போபாக்கையும் தொடங்கி வைப்பதில் தவறில்லை. 70 வயதுத் தாத்தாவுக்கு இரண்டு மாத்திரைகளும், தேவைக்கு இரத்தமும், வீட்டில் பேரப்பிள்ளைகளின் முகமும் போதும் என்று மருத்துவர் சொன்னால் அதை ஏற்றுக்கொள்ளுங்கள்.

எந்த வழியானாலும் நியூட்ரோஃபில் ஏறும்வரை அறுவடைக் காலத்தில் நோயாளியைக் களத்துப் பக்கம் விட வேண்டாம். தை மாதத்தில் வைக்கோல் போரிலிருந்து எழும் தூசியில் பூஞ்சை விதைகள் நிறைந்திருக்கும், நலமானவருக்கு வெறும் தும்மலாகப் போகும் அது இவர்களின் நுரையீரலில் முளைத்துவிடும். வெறுங்காலோடு சேற்றில் இறங்குவதும் வேண்டாம்.

அந்தக் கல்லூரி மாணவருக்குத் தம்பி கொடுத்த ஒரு யூனிட் ஏறியாகிவிட்டது, அதை மாற்ற முடியாது. தாய்மாமனின் கையை நீட்டவிடாமல் நிறுத்தினோம். மறுநாள் காலை தம்பியும் அவரும் எச்எல்ஏ சோதனைக்காக ஆளுக்கு இரண்டு சிறிய குழாய் இரத்தம் கொடுத்துவிட்டுத் தஞ்சாவூர் பேருந்து நிலையத்துக்கு நடந்தார்கள். குழாய்களின் மேல் பெயரை நானே எழுதி, பெட்டியில் வைத்து அனுப்பினேன்.